தூசி அலர்ஜியா? ஒட்டடைக்குச்சியை வைத்துவிட்டுப் படுக்கையிலிருந்து தொடங்குங்கள்: வீட்டுத் தூசியைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

காலையில் கண் விழித்துக் கட்டிலை விட்டு இறங்குவதற்குள் வரிசையாகத் தும்மல். மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். குளித்து, சாப்பிட்டு, வெளியே கிளம்பிப் போனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும். சிலருக்கு நடுராத்திரியில் நெஞ்சு இறுகி, இருமல் எழுப்பிவிடும். டாக்டரிடம் போனால் 'டஸ்ட் அலர்ஜி, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுப்பார். உடனே அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டையே புரட்டிப் போட்டு, ஒட்டடை அடித்து, பரணில் இருக்கும் மூட்டைகளை இறக்கித் தட்டி, மூலை முடுக்கெல்லாம் பெருக்குவார்கள். அன்றைக்கு ராத்திரி தும்மல் இரண்டு மடங்காகும்.

காரணம் இரண்டு. தூசியை வெளியேற்றுவதற்குப் பதிலாகக் கிளப்பிவிட்டோம். தும்மலுக்குக் காரணமான தூசி எங்கே அதிகமாக இருக்கிறதோ, அந்தத் தலையணையையும் மெத்தையையும் தொடவே இல்லை.

வெளிநாட்டுக் குறிப்புகளில் முதல் வரியே 'கார்ப்பெட்டை எடுத்துவிடுங்கள்' என்றிருக்கும். மொசைக்கும் டைல்ஸும் போட்ட நம் வீடுகளில் அந்தத் தொல்லை கிடையாது. நமக்கு வேறு தொல்லைகள்: பழைய இலவம் பஞ்சு, சீலிங் ஃபேன், ஜன்னல் கொசுவலை, கரையோர ஊர்களின் ஈரக்காற்று, கரப்பான், கொசுவர்த்தி. இந்த வழிகாட்டி தமிழ்நாட்டு வீட்டை மனதில் வைத்து எழுதியது.

முதல் படி: எந்தத் தூசி என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிவி மேல் விரலால் கோடு போடும் அளவுக்குப் படிகிற தூசியில் பெரும்பகுதி தெருமண், துணி இழை, புகைக்கரி. அது மூக்கை உறுத்தலாம். ஆனால் அலர்ஜியைத் தூண்டுவது பெரும்பாலும் அதற்குள் கலந்திருக்கும் உயிர்ப்பொருள்கள். முதலிடம் தூசிப்பூச்சிக்கு, அதாவது டஸ்ட் மைட்டுக்கு. சிலந்தி இனத்தோடு உறவுடைய மிகச் சிறிய உயிர்; நீளம் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர்தான். கடிக்காது, ஊர்வதும் தெரியாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழும். வீட்டுத்தூசி அலர்ஜிக்கு இதுதான் காரணம் என்று 1964ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹார்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோரின் குழு எடுத்துச் சொன்னது.

பூச்சியை விட அதன் கழிவுதான் நமக்குப் பகை. அந்தக் கழிவு உருண்டைகளில் இருக்கும் புரதம் மூக்கின் உட்புறச் சவ்வில் படும்போது, ஒவ்வாமை உள்ளவர்களின் உடம்பு அதை எதிரியாக நினைத்துக் கிளம்புகிறது. பூச்சி செத்த பிறகும் கழிவு அப்படியே கிடக்கும். கொன்றால் மட்டும் போதாது, அகற்றவும் வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் பல விஷயங்களுக்கு அதுதான் அடிப்படை.

அடுத்த இடங்களில் கரப்பான் பூச்சி, பூஞ்சணம், பூனை, நாய், மகரந்தம். ஒரே 'தூசி அலர்ஜி' என்ற பெயருக்குள் இத்தனையும் இருக்கின்றன. உங்களுக்கு எது என்று தெரியாமல் செலவு செய்வதில் அர்த்தம் இல்லை. கையில் சிறு துளிகளை வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் ஸ்கின் பிரிக் டெஸ்டில் 15-20 நிமிடத்தில் விடை தெரியும். அலர்ஜி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள், எந்த மருந்து என்பதை டாக்டரிடமே கேளுங்கள். இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இரண்டாம் படி: படுக்கை

ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் மூக்கைப் புதைத்துக்கொண்டு கிடக்கும் இடம் இது. தூசிப்பூச்சிக்குத் தேவையான சாப்பாடு, சூடு, வியர்வை ஈரம் மூன்றும் இங்கே கிடைக்கும். கையில் காசும் நேரமும் குறைவாக இருந்தால் இந்த ஒரு படியை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். மற்ற அறைகள் காத்திருக்கட்டும்.

தலையணையில் ஆரம்பிக்கலாம். வருடக்கணக்கில் பழகிய இலவம் பஞ்சுத் தலையணையை மாடிக்கு எடுத்துப் போய், அலர்ஜி இல்லாத யாரையாவது வெயிலில் நின்று ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். தையல் வழியாகப் புகைபோல ஒன்று கிளம்பும். பஞ்சு இழை நொறுங்கிப் பொடியாகி, அதோடு மற்றதும் சேர்ந்து வருவது அது. அந்தத் தலையணையைக் காப்பாற்ற வேண்டாம். பஞ்சை அடித்துத் திரும்ப நிரப்பினாலும் பொடி முழுதாகப் போகாது. வாஷிங் மெஷினில் போட்டுத் துவைக்கக்கூடிய ஃபைபர் தலையணை வாங்கி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை துவைத்து, உள்வரை காயவைத்துப் பயன்படுத்தலாம். பழைய தேங்காய் நார் மெத்தையும் அடியில் பொடி கொட்ட ஆரம்பித்துவிட்டால் மாற்றுகிற காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது உறை. கடையில் கேட்டால் பெரும்பாலும் நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த 'வாட்டர்புரூஃப் புரொடெக்டர்' எடுத்துக் கொடுப்பார்கள். அது மெத்தையின் மேல்புறத்தை மட்டும் மூடும்; நமக்கு அது பயன்படாது. வேண்டியது ஆறு பக்கமும் மூடி, ஜிப் போட்டு அடைக்கும் உறை. துணியின் துளை 10 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், பூச்சியின் கழிவு அந்த வழியாக வெளியே வர முடியாது. ஜிப்பின் முனையில் சின்ன இடைவெளி இருந்தால் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். இந்த உறைகளின் விலை கட்டுப்படியாகாவிட்டால், ரெக்சின் துணியில் தையல்காரரிடம் ஜிப் வைத்துத் தைத்து, மேலே பருத்தி விரிப்புப் போட்டுக்கொள்ளலாம். வியர்க்கும், ஆனால் வேலை செய்யும். தலையணைக்கும் இதே மாதிரி உறை வேண்டும். இரட்டைக் கட்டிலில் ஒருவருக்குத்தான் அலர்ஜி என்றாலும் இரண்டு பேர் மெத்தைக்கும் போடுங்கள். உறை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை சூடான தண்ணீரில் துவைக்க வேண்டும். 55-60 டிகிரி சூட்டில் பூச்சி சாகும். பச்சைத் தண்ணீரில் கழிவுகளில் பெரும்பகுதி கரைந்து போகும், ஆனால் பூச்சிகள் பல பிழைத்துக்கொள்ளும். ஹீட்டர் உள்ள மெஷின் என்றால் 60 டிகிரியில் ஓடவிடுங்கள். இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. பெரிய வாளியில் முதலில் குழாய்த் தண்ணீரைப் பாதி ஊற்றி, அதே அளவு கொதிக்கிற தண்ணீரைச் சேருங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி அளவில் இருப்பதால் கலவை 65 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். துணி உள்ளே போனதும் கொஞ்சம் இறங்கும். குச்சியால் அமுக்கி, மூடி போட்டு அரைமணி நேரம் ஊறவிட்டு, அப்புறம் வழக்கம்போல் துவைக்கலாம். குழந்தைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாயம் போகிற துணியைத் தனியாகப் போடுங்கள். படுக்கைக்கு வெள்ளை, வெளிர் நிறப் பருத்தி விரிப்புகளையே வாங்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

வெயிலை நம்பலாமா என்று பலர் கேட்பார்கள். நம்பலாம், ஆனால் முழுதாக அல்ல. ஏப்ரல், மே வெயிலில் மொட்டை மாடித் தரை 50 டிகிரியைத் தாண்டும். போர்வை, மெல்லிய மெத்தை, பாய் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்தால் பூச்சி காய்ந்து சாகும். மேலே கறுப்பு பாலிதீன் விரிப்பு போட்டால் சூடு இன்னும் ஏறும். தடித்த மெத்தையில் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேராது. பூச்சிகள் உள்ளே நகர்ந்துவிடும். காயவைத்ததும் மாடியிலேயே உதறித் தட்டிவிட்டுத்தான் கீழே கொண்டுவர வேண்டும், செத்தவையும் கழிவும் அதில்தான் இருக்கின்றன. அலர்ஜி உள்ளவர் இந்த வேலையைச் செய்யக்கூடாது.

மெத்தையே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களுக்குக் கோரைப்பாய் நல்ல துணை. பத்தமடைப் பாய் மாதிரி நெருக்கமாக நெய்தது இன்னும் நல்லது. பூச்சி ஒளிந்துகொள்ள ஆழம் இல்லை; ஈரத்துணியால் துடைத்து வெயிலில் நிறுத்தினால் முடிந்தது. முதுகுவலிக்காரர்களை இதற்கு வற்புறுத்த மாட்டேன்.

குழந்தையின் பொம்மைகள் படுக்கையில் கிடந்தால் அவையும் படுக்கைதான். துவைக்க முடியாத கரடிப் பொம்மையைக் கவரில் கட்டி ஃப்ரீசரில் ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் வைத்து எடுத்து, வெளியே உதறிவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் சூட்கேஸ், அட்டைப்பெட்டி, பழைய பேப்பர் எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். வருடத்தில் ஒருமுறை ஊட்டிக்குப் போகும்போது மட்டும் எடுக்கிற கம்பளிகளை, துவைத்து ஜிப் பையில் போட்டு வையுங்கள்; எடுத்ததும் நேராகப் போர்த்திக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி: காற்று வரும் வழி

சீலிங் ஃபேன் இறக்கையின் மேல்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. பிசுபிசுப்போடு கறுப்பாகப் படிந்திருக்கும் அந்தத் தூசி ஓரளவு சேர்ந்ததும் துணுக்குத் துணுக்காகக் கீழே விழ ஆரம்பிக்கும், அதுவும் நேராகக் கட்டில் மேல். சுத்தம் செய்ய எளிய வழி பழைய தலையணை உறைதான். ஃபேனை நிறுத்தி, உறையின் உட்புறத்தைக் கொஞ்சம் ஈரமாக்கி, இறக்கை உறைக்குள் போகும்படி நுழைத்து, இரண்டு கையாலும் மேலும் கீழும் அமுக்கிப் பிடித்தபடி மெதுவாக இழுத்தால் தூசி முழுவதும் உறைக்குள்ளேயே விழும். படுக்கை மேல் ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் ஐந்து நிமிட வேலை. ஆறு மாதம் விட்டால் அரை நாள்.

ஜன்னல் கொசுவலையைத் தொட்டுப் பாருங்கள். தெருப்பக்கம் இருந்தால் வலைக்கண்கள் பாதி அடைத்திருக்கும். காற்று வரும்போதெல்லாம் அது உள்ளே உதிரும். கழற்ற முடிகிற வலை என்றால் குளியலறையில் ஷவரில் கழுவிவிடலாம். கழற்ற முடியாததை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்க்காமல், சோப்புத் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள். கனமான திரைச்சீலையை விட, மாதம் ஒருமுறை துவைக்கக்கூடிய மெல்லிய பருத்தித் திரை போதும்.

ஏசி ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். சீசன் தொடங்கி முதல் நாள் ஏசி போடும்போது பூஞ்சண வாடை வந்தால் ஃபில்டர் கழுவுவது மட்டும் போதாது, உட்புறத்தைச் சர்வீஸ் செய்யச் சொல்லுங்கள்.

நான்காம் படி: பெருக்குவதும் துடைப்பதும்

கிராமத்தில் வாசலைத் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பெருக்குவார்கள். அந்த நியாயம் வீட்டுக்குள்ளும் பொருந்தும். உலர்ந்த தரையில் துடைப்பத்தை வீசி வீசிப் பெருக்கினால் தரையில் கிடந்தது மூக்கு உயரத்துக்கு எழும். முடிந்தவரை நேராக ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், துடைப்பத்தைத் தரையிலிருந்து தூக்காமல் இழுத்துப் பெருக்குங்கள்.

புதிதாக வாங்கிய பூந்துடைப்பம் தனி ஆபத்து. முதல் சில வாரம் அதிலிருந்தே பொடி கொட்டிக்கொண்டிருக்கும். வாங்கி வந்ததும் தெருவில் வைத்துத் தட்டி, வாளித் தண்ணீரில் முக்கி அலசி, பழைய சீப்பால் வாரி, வெயிலில் தொங்கவிட்டு அப்புறம் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

மேலிருந்து கீழே வர வேண்டும்: ஒட்டடை, ஃபேன், அலமாரி, ஜன்னல், கடைசியாகத் தரை. ஒட்டடைக்குச்சியின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டால் ஒட்டடை அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அலமாரி துடைக்க மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து பயன்படுத்துங்கள். தரைக்கு இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் அலச, ஒன்றில் நல்ல தண்ணீர். ஒரே வாளி என்றால் மூன்றாவது அறையில் அழுக்குத் தண்ணீரைத்தான் பூசுகிறோம். காய்ந்ததும் அது மறுபடி தூசி. பினாயில் வாடையே சிலருக்கு மூச்சைப் பிடிக்கும்; அவர்களுக்கு வெறும் தண்ணீரோ, மணமில்லாத சோப்புத் தண்ணீரோ போதும்.

வேலை முடிந்து அரைமணி நேரமாவது அலர்ஜி உள்ளவர் அந்த அறைக்குள் வரக்கூடாது. தூசிப்பூச்சிக் கழிவு ஓரளவு கனமானது, அந்த நேரத்துக்குள் கீழே இறங்கிவிடும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பல வீடுகளில் வீசிங் இருப்பது அம்மாவுக்கு, பெருக்குவதும் அதே அம்மாதான். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு பெருக்கிவிட்டு, ராத்திரி உட்கார்ந்தபடியே தூங்குவார். முந்தானையும் துப்பட்டாவும் நுண்துகளைத் தடுப்பதில்லை. வீட்டில் வேறு யாராவது துடைப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அது நடக்கவே நடக்காது என்றால், மூக்கோடு படிந்து உட்காரும் என்95 மாஸ்க்கையாவது வாங்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: ஈரம்

தூசிப்பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சிக்கொள்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் வற்றிச் சாகும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடிக்காரர்களுக்கு இது எட்டாத அளவு. ஏசியின் டிரை மோடு ஓரளவு உதவும். அறைக்குள் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் எந்த நேரத்தில் ஜன்னலைத் திறக்கலாம் என்று தெரிந்துவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் படுக்கையறைக்குள் கொடி கட்டித் துணி காயப்போடாதீர்கள். சுவரில் ஓதம் ஏறிக் கறுப்புப் புள்ளி விழுந்தால் அது பூஞ்சணம். துடைத்தால் போகும், நீர்க்கசிவை அடைக்காவிட்டால் அடுத்த மழைக்கு வரும். மேலே பெயிண்ட் அடித்து மறைப்பது வீண் செலவு. பிளீச்சிங் பவுடர் கரைசலை டாய்லெட் ஆசிடோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். ஏர்கூலர் கரையோர ஊர்களில் அலர்ஜிக்காரர் அறைக்கு ஆகாது; ஈரத்தைத்தான் கூட்டும்.

ஆறாம் படி: கரப்பான், புறா, பூனை

கரப்பானின் எச்சம், உதிர்ந்த தோல், எச்சில் எல்லாமே வலுவான அலர்ஜிப் பொருள்கள், குழந்தைகளின் ஆஸ்துமாவோடு நெருங்கிய தொடர்புள்ளவை. ஸ்பிரே அடித்தால் அதன் வாடையே வீசிங்கைக் கிளப்பும். ஜெல் மருந்தைக் கீல்களிலும், சிங்க்குக்கு அடியிலும், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கத்திலும் சிறு பொட்டாக வைப்பது மேல். செத்தபின் அலமாரியைச் சோப்புத் தண்ணீரால் துடைக்காவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. எச்சில் பாத்திரத்தை ராத்திரி சிங்க்கில் விடாதீர்கள்.

அடுக்குமாடியில் ஏசி அவுட்டோர் யூனிட் மேல் புறா கூடு கட்டியிருந்தால், காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டாதீர்கள். அந்தப் பொடியும் இறகுத்தூளும் நுரையீரலையே பாதிக்கக்கூடியவை. மாஸ்க் போட்டு, நன்றாக நனைத்து, ஊறியபின் வழித்தெடுத்து, வலை கட்டிவிடுங்கள்.

பூனை அலர்ஜி முடியால் வருவதில்லை. எச்சிலிலும் தோலிலும் இருக்கும் புரதத்தால் வருகிறது. மிக லேசானது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். குறைந்தபட்சம் படுக்கையறைக்குள் பூனையை விடாதீர்கள்.

ஏழாம் படி: நாமே உண்டாக்கும் புகையும் பொடியும்

ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில் குழந்தையைத் தூங்கவைக்கிறோம். படுக்கைக்குக் கொசுவலை கட்டுங்கள். தலைக்குக் குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி காட்டும் பழக்கம் அன்பினால் வந்ததுதான், ஆனால் வீசிங் உள்ள குழந்தைக்கு அந்தப் புகை வேண்டாம். துண்டால் ஒற்றி உலர்த்தினால் போதும். சாமி அறையில் விளக்கு எரியட்டும், ஊதுபத்தியை பால்கனித் துளசிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கோலப்பொடி கல்லை அரைத்த மாவு. குனிந்து போடும்போது நேராக முகத்துக்கு வரும். அரிசியை அரைத்து இழைக்கும் மாக்கோலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

எட்டாம் படி: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

வாக்யூம் கிளீனர் வாங்கினால் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். சாதாரண மெஷின் பெரிய குப்பையைப் பிடித்துக்கொண்டு நுண்துகளைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதும். டைல்ஸ் தரைக்கு வாக்யூம் கட்டாயமில்லை. சோபாவும் மெத்தையும் இருப்பவர்களுக்குப் பயன்படும். வீட்டுக்கு வந்து உங்கள் மெத்தையிலிருந்து எடுத்த தூசியைக் கறுப்புத் துணியில் காட்டிப் பயமுறுத்தி, பெரிய விலைக்கு மெஷின் விற்பவர்களிடம் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். எந்த மெத்தையிலும் அப்படித்தான் வரும்.

ஏர் பியூரிஃபையர் தூசிப்பூச்சிக்குப் பெரிதாக உதவாது, அதன் கழிவு காற்றில் நிற்பதில்லை. பூனை, மகரந்தம், புகை தொல்லை என்றால் உதவும். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் கனஅளவு சுமார் 34 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டுமானால் 170 கனமீட்டர் திறன் தேவை. பெட்டியில் இதை, அதாவது மணிக்கு எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்யும் என்பதை, சிஏடிஆர் என்று போட்டிருக்கும். ஓசோன் விடும் கருவியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும்.

ஒன்பதாம் படி: போகியும் பெயிண்டும்

போகிக்கு முன் பரணை இறக்கும் நாளில் அலர்ஜி உள்ளவர் உறவினர் வீட்டுக்குப் போய்விடட்டும். ராத்திரி, தரை துடைத்து, விரிப்பு மாற்றியபின் வந்தால் போதும். பெயிண்ட் வேலைக்குச் சுவர் தேய்க்கும்போதும் அப்படியே. படுக்கையறைக் கதவிடுக்கை ஈரத்துணியால் அடைத்துவிட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்தால் ஒரே வாரத்தில் மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள், பழைய கழிவு குறைய நாளாகும். காலைத் தும்மல், ராத்திரி இருமல், மாத்திரை தேவைப்பட்ட நாள் ஆகியவற்றைக் காலண்டரில் குறித்துவாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதையே எடுத்துக்கொண்டு அலர்ஜி டாக்டரைப் பாருங்கள். தூசிப்பூச்சி அலர்ஜிக்கு ஊசியாகவோ நாக்கடி மருந்தாகவோ மூன்று முதல் ஐந்து வருடம் கொடுத்து, உடம்பை அந்த அலர்ஜிப் பொருளுக்குப் பழக்கும் இம்யூனோதெரபி இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்துமா என்று அவர் சொல்வார். வீடு சுத்தமாகிவிட்டது என்று இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் மூச்சிரைத்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, இன்ஹேலர் போட்டும் இறுக்கம் குறையாவிட்டாலோ காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.